ஒன்றும் அவசரமில்லை

கல்யாணமாகி இருபத்து நான்காம் நாள் என் கணவர் கனடாவுக்குத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் மைசூரில், மேட்டகள்ளியில், அப்பா வீட்டில் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அந்த ஒன்றரை வருடத்தில் அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதவில்லை. நானும் அவருக்கு எழுதவில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி.

மாப்பிள்ளை எழுதினால் மாமனாருக்குத்தான் எழுதுவார். 'மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, அத்தையின் மூட்டுவலியை விசாரித்து, அங்கே பெய்யும் பனியைப் பற்றி நாலு வரி எழுதி, 'அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று முடிப்பார். அந்த அனைவரில் பெண்டாட்டியும் ஒருத்தி. கடிதம் வந்த அன்று கூடத்தில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அது வாசிக்கப்படும். என் பெயருக்குத் தனியாக ஓர் உறை வந்திருந்தால் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். தெருதான் ஒரு மாதத்துக்குச் சிரித்திருக்கும். என் கணவர் கனடாவில் ஒரு பட்டறையில் டூல் மேக்கர். பனியில் நடக்கப் பழகிக்கொண்டாரே தவிர, இந்தக் கூச்சத்தை மட்டும் அவர் விடவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்பா பிறந்தது கர்நாடக எல்லையில், ஹனூர் பக்கம் ராமாபுரத்தில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. என் கணவரோ எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டூர்க்காரர். அவருக்குக் கன்னடம் வராது. வீட்டில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் கன்னடப் பள்ளியில் படித்தவள்தான். பக்கத்து வீட்டு அக்கா வாங்குகிற வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துச் சேர்த்த தமிழ் என்னுடையது. ஆக, அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களை வாசித்தவள் நான். அப்பா சொன்ன பதில்களை எழுதியவளும் நான்.

ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் அப்பாவுக்கு வேலை. ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாக ஒரு பென்சில் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். சரியாக வந்த பாகத்துக்கு நீலக் கோடு, தள்ளவேண்டியதற்குச் சிவப்புக் கோடு. வீட்டில் பால் பாத்திரம் வாங்கினால்கூட அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பார். கடிதத்தையும் அப்படித்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்து முடித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். மழை, ராமாபுரத்து நிலம், அம்மாவின் மூட்டு, கம்பெனி கேண்டீனில் புதிதாக வந்த சமையல்காரர், எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் எழுந்து துண்டை உதறிக்கொண்டே தவறாமல் ஒரு வரி சொல்வார்.

"பேப்பர் வேலையெல்லாம் நிதானமாப் பாருங்க மாப்பிள்ளே, ஒண்ணும் அவசரமில்லேன்னு போடு அம்மிணி."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்கு அவசரமில்லை? அங்கே ஒரு மனுஷன் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். இங்கே நான் தெருவில் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம் 'இன்னும் கிளம்பலியா' என்று கேட்கிறார்கள். அப்பாவுக்கு நான் போனால் என்ன, இருந்தால் என்ன என்று நினைத்துக்கொள்வேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இப்போதும் அப்படித்தான்.

அந்த வரியை நான் ஒரு தடவைகூட எழுதவில்லை. "எழுதியாச்சா?" என்பார். "ஆய்த்துப்பா" என்பேன். அவரால் படித்துப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தேதான் செய்தேன்.

அந்த வரிக்கு விட்ட இடம் தாளில் காலியாக இருக்கும். காலி இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? அங்கே என்னுடையதை எழுத ஆரம்பித்தேன். முதலில் ஒரு வரி, பிறகு இரண்டு. அப்புறம் நடுவில் எங்கே இடம் கிடைத்தாலும் நுழைத்துவிடுவேன். எல்லாம் அப்பா எழுதுகிற மாதிரியேதான், 'இப்படிக்கு மாமா' என்று முடிகிற கடிதத்தில்தான். என் கணவருக்கும் அது யாருடைய கையெழுத்து என்று தெரியாமலா இருக்கும்? பதில் 'மதிப்பிற்குரிய மாமா' என்று ஆரம்பித்து எனக்கு வரும். கூடத்தில் வாசிக்கும்போது அந்த இடங்களை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். புதுப்பெண்டாட்டியாக நான் குடித்தனம் நடத்தியது அந்தத் தாள்களில்தான்.

இதற்கிடையில் நான் கனடாவில் குடியேறுவதற்கான மனு டெல்லியில் இருந்த கனடா அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தது. படிவம் நிரப்பிய கதை தனி. குடும்பப் பெயர் என்ற கட்டத்திலேயே எங்களுக்கு அரை நாள் போயிற்று. அப்பாவும் நானும் தரையில் உட்கார்ந்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினோம். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் அப்பா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஓகே" என்றார்.

சில மாதம் கழித்து டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. திருமணம் உண்மையானது என்பதற்குக் கூடுதல் சான்றுகள் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படங்கள், தொலைபேசி ரசீதுகள், முக்கியமாக ஒருவருக்கு ஒருவர் எழுதிய கடிதங்கள். அறுபது நாளைக்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இருப்பதை வைத்தே முடிவு செய்துவிடுவார்கள்.

இருப்பது என்ன? கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தை எடுத்தாலும் எங்கள் இரண்டு பேரைச் சுற்றி ஆறு பேராவது நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போன் செய்வது பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணுக்கு. அப்பா, அம்மா எல்லாரும் பேசி முடித்துக் கடைசியில்தான் ரிசீவர் என் கைக்கு வரும். அப்போது சுற்றிலும் நாலு பேர் நின்று என் முகத்தையே பார்ப்பார்கள். கடிதங்களோ அப்பாவுக்கு. டெல்லியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கிற ஒருவருக்கு, என் கணவர் கட்டிக்கொண்டது என் அப்பாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் என்றுதான் தோன்றும்.

படிவத்தோடு இணைத்த காகிதங்களை டைப் செய்து கொடுத்த டைப்பிங் இன்ஸ்டிடியூட்காரரிடம் யோசனை கேட்டேன். "சும்னே கவலைப்படறீங்களேம்மா. புதுசா ஒரு பத்து லெட்டர் எழுதுங்க, பழைய தேதி போடுங்க. அவங்களுக்குத் தமிழா தெரியப்போகுது?" என்றார் அவர். வீட்டுக்கு வந்து ஒன்று எழுதிப் பார்த்தேன். 'என் அன்புள்ள' என்று ஆரம்பித்ததுமே என் முகம் எனக்கே சூடானது. நான்கு வரி போனதும், யாரோ முன்பின் தெரியாத பெண் எழுதுகிற மாதிரி இருந்தது. அப்பா வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

"போலி சீல் போட்டு அனுப்பினா பார்ட்டு சரியாயிருமா அம்மிணி? பேடா, வேண்டாம். இருக்கறதை வெச்சுப் பாக்கலாம்" என்றார். அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்து அடுப்பங்கரை அலமாரித் தட்டில் விரித்துவிட்டார்.

இருக்கிறதை வைத்து என்றால், நான் எழுதிய கடிதங்கள் வேண்டும். அவை என் கணவரிடம் இருந்தன. போனில் சொன்னதும் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தார். மொத்தம் பதினாலு. ஒன்றுகூடக் குறையவில்லை. மடிப்புகள் எல்லாம் தொட்டால் கிழிகிற மாதிரி நைந்திருந்தன. மாமனார் கடிதத்தை யாரும் அத்தனை தடவை பிரித்துப் படிக்க மாட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அம்மா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்று கையெழுத்துப் போட்டுத் தர ஒருவர் சரஸ்வதிபுரத்தில் இருந்தார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மாள். மேல்கோட்டை ஐயங்கார் குடும்பம். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் படிப்பார். அவர் வீட்டுத் தமிழ் எங்களுக்கு முக்கால்வாசிதான் புரியும். ஒரு சனிக்கிழமை அப்பாவும் நானும் அந்தப் பதினாலு கடிதங்களையும் அவர் எழுதிய பதில்களையும் எல்லாவற்றின் ஜெராக்ஸ் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு போனோம். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கடிதத்தைப் புரட்டினார்.

"இது மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதினதுன்னா இருக்கு. பெண்டாட்டி எழுதினதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அப்பா என்னைப் பார்த்தார். வேறு வழி இல்லை. "கையெழுத்து என்னுது மேடம். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். ஆனா அதுல கொஞ்சம்…" என்று இழுத்து, "கொஞ்சம் அப்பா சொல்லாதது" என்று முடித்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. "அப்போ எது யாருதுன்னு பிரிச்சாகணும். நான் வாசிக்கறேன். நீங்க சொன்னதா, சொல்லாததான்னு சொல்லுங்கோ" என்று அப்பாவிடம் ஜெராக்ஸ் கட்டைத் தள்ளி வைத்தார். அப்பா பையிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும், மேடம் விரல் வைத்துக் காட்டுகிற வரியில் அவரால் கோடு போட முடியும்.

'ராமாபுரத்தில் ராகி அறுப்பு முடிந்தது.'

"நான் சொன்னதுங்க." நீலம்.

'அத்தைக்கு இப்போது மூட்டுவலி பரவாயில்லை.' நீலம்.

'உங்கள் ஊதாக்கோடு போட்ட சட்டை கதவுக்குப் பின்னால் மாட்டியபடியே இருக்கிறது. அதைத் துவைக்கப் போடவில்லை.'

அப்பா பென்சிலைத் திருப்பிப் பிடித்தார். "சொல்லலீங்க."

அடுத்த வரி 'இப்படிக்கு மாமா' என்று இருந்தது. அதை மேடம் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பினார். அப்பாவின் கை நீல முனையோடு தாளுக்கு மேலேயே நின்றது.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். ஏன், ஏதாவது விட்டுப் போயிடுத்தா?"

"இல்லீங்க. ஒண்ணுமில்லே."

வரியைச் சேர்த்ததை எண்ணித்தான் நான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். விட்ட வரி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டாவது கடிதம். 'நேற்று மருதாணி வைத்துக்கொண்டேன். நன்றாகச் சிவந்தது.' மேடம் நிமிர்ந்து, கண்ணாடிக்கு மேலே அப்பாவின் கைகளைப் பார்த்தார். எண்ணெயும் இரும்பும் பட்டுக் கறுத்த கைகள். "நீங்க வெச்சுண்டேளா?" அப்பா மிகவும் மரியாதையாக, "இல்லீங்க" என்றார். கன்னத்தின் ஓரத்தில் சிரிப்பு வந்து போனது. அதற்கு வந்த பதிலில் என் கணவர், 'மாமா, மருதாணி சிவந்தது கேட்டு மகிழ்ச்சி. இங்கே அந்த வாசனை கிடையாது' என்று எழுதியிருந்தார். அதையும் மேடம் கம்பீரமாக வாசித்தார். நான் தலையைத் தூக்கவே இல்லை.

ஆனால் இரண்டாவது கடிதம் முடிந்தபோதும் பென்சில் நின்றது. மூன்றாவதிலும் நின்றது. நான்காவதில் அப்பா காத்திருக்கவில்லை. கடைசி வரி வந்ததும் தானே தாளைத் திருப்பிவிட்டார்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வரியைக் கேட்டு எரிச்சல் பட்டவள், அது என்ன வரி என்று அந்த மேஜையில்தான் புரிந்துகொண்டேன். அவசரமில்லை என்று அவர் மாப்பிள்ளைக்குச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார். வாய்விட்டு அப்படிக் கேட்க அவருக்கு வராது. இருப்பது ஒரே பெண். கேட்கத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். அதையும் அவர் என் கையாலேயே எழுதச் சொல்லியிருக்கிறார். பதினாலு தடவையும் நான் அதை விழுங்கிவிட்டு, அதே இடத்தில் சட்டையையும் மருதாணியையும் எழுதியிருக்கிறேன்.

அடுத்து ஒரு கடிதத்தில், கல்யாணமான புதிதில் நாங்கள் போய் வந்த சாமுண்டி மலை வந்தது. 'படி இறங்கும்போது, நந்திக்குப் பக்கத்தில் நீங்கள் கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. பயமாக இல்லை.' மேடம் என்னிடம், "என்ன கேட்டார்? குறிப்பு எழுதணும்" என்றார். "அந்த ஊருக்கு வந்து தனியா இருக்க பயமா இருக்குமான்னு கேட்டார்" என்றேன். அப்பா அந்த வரியின் கீழே மெதுவாக, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக, சிவப்புக் கோடு போட்டார்.

பதினாலும் முடிய மாலையாகிவிட்டது. சிவப்புக் கோடு போட்ட வரிகளை எண்ணிப் பார்த்த மேடம், "இது போதும். இதுதான் வேணும்" என்றார். அப்பா வாழ்க்கையில் முதல் முறையாகத் தள்ளுபடியானதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்.

"இன்னும் ஒண்ணு. உங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, பொண்ணுதான் எழுதினான்னு நீங்க ஒரு வாக்குமூலம் தரணும். நான் எழுதிடட்டுமா?"

"நானே எழுதறேனுங்க. கன்னடத்துல எழுதலாமுங்களா?"

அவர் எழுத ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நான் தலைகீழாகப் படித்துக்கொண்டு வந்தேன். அப்பா எழுதுவதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. அச்சடித்த மாதிரி கையெழுத்து. எனக்குத் தமிழ் படிக்க எழுதத் தெரியாது. இந்தக் கடிதங்களை என் சார்பில் எழுதியவள் என் மகள். நீலக் கோடு போட்டவை நான் சொன்னவை. சிவப்புக் கோடு போட்டவை அவள் தன் கணவருக்கு எழுதியவை. இருவரும் உண்மையான கணவன் மனைவி என்பது எனக்குத் தெரியும். இதுவரை சரி. அதற்குக் கீழே அவர் கை ஒரு நிமிடம் தயங்கியது. பிறகு எழுதினார்.

'ஒவ்வொரு கடிதத்திலும் ஒன்றும் அவசரமில்லை என்று நான் சொன்னேன். அது சரியல்ல. அவசரம்தான். தயவுசெய்து தாமதம் செய்ய வேண்டாம்.'

மேடம் வாசித்துப் பார்த்தார். "இந்தக் கடைசி வரிகள் வாக்குமூலத்துக்கு அவசியமில்லையே. எடுத்துடலாமா?"

"இருக்கட்டுங்க" என்றார் அப்பா. "அது நான் சொன்னது." பென்சிலைத் திருப்பி, அந்த வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கோடு போட்டார்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தார். பாதி தூரம் போயிருந்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "அப்பா" என்பதோடு நின்றுவிட்டது. அவர் என் பக்கம் திரும்பாமல், "மருதாணி நல்லாத்தான் செவந்திருந்துச்சு அம்மிணி. நானும் பாத்தேன்" என்றார்.

நான்கு மாதத்தில் விசா வந்தது. கடிதங்களைப் படித்ததால் வந்ததா, வரவேண்டிய நேரத்தில் வந்ததா, தெரியாது. அப்பா தன் வாக்குமூலத்தின் பிரதியை மற்ற காகிதங்களோடு சேர்த்து என் பெட்டியில் அடியில் வைத்துக் கொடுத்தார். ஊதாக்கோடு போட்ட சட்டையை அம்மா துவைத்து, இஸ்திரி போட்டு, மேலாக வைத்தாள்.

கனடாவிலிருந்து நான் அப்பாவுக்கு எழுதியதுதான் என் வாழ்க்கையில் நான் அவருக்கு எழுதிய முதல் கடிதம். அதற்கு முன்னால் எழுத வேண்டிய தூரத்தில் நான் இருந்ததே இல்லை. கன்னடத்தில் எழுதினேன். இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி இருக்கிறது, பயமாக இல்லை, அடுத்த வருடம் முடிந்தால் வருகிறோம் என்று. மூன்று வாரத்தில் பதில் வந்தது, அதே அச்சுக் கையெழுத்தில். என் கணவருக்குக் கன்னடம் தெரியாது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மழை, அம்மாவின் மூட்டு, ராகி, எல்லாம் இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அதையும் வாசித்தேன்.

'ஊருக்கு வருகிற வேலையை நிதானமாகப் பாருங்கள். ஒன்றும் அவசரமில்லை.'

"மாமாவே அவசரமில்லைங்கறாரு. அப்ப அடுத்த வருசக் கடைசியில பாத்துக்கலாமா?" என்றார் என் கணவர்.

அந்த வரியை அவர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பதினாலு கடிதத்தையும் மடிப்பு நையப் படித்தவருக்கு அது ஒரு தடவைகூடப் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், நான் விட்டதையும் சேர்த்து. அவர் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.